புதுசா ஒண்ணாம் வகுப்பு எடுக்கப் போறீங்களா? ஜூன் மாசத்துக்கு ஒரு வழிகாட்டி

இது தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகள்ல புதுசா ஒண்ணாப்பு எடுக்கப் போறவங்களுக்காக எழுதுறேன். இடைநிலை ஆசிரியரா போஸ்டிங் வாங்கிட்டுப் போன உடனே எச்.எம். "ஒண்ணாப்பு நீங்க பாத்துக்கோங்க"ன்னு சொல்லிடுவாங்க. பயிற்சியில பாடத்திட்டம் எழுதத்தான் கத்துக் கொடுத்திருப்பாங்க, ஆனா பத்து குழந்தைங்க ஒரே நேரத்துல அழும்போது, அதே நேரத்துல ஒரு அப்பா ஆதார் கார்டோட வாசல்ல நிக்கும்போது, எமிஸ்ல (மாணவர் விவரத்தை ஏத்துற அரசு இணையதளம்) என்ட்ரி முடிஞ்சுதான்னு போன் வரும்போது என்ன பண்றதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில இதையெல்லாம் திணறித் திணறித்தான் கத்துக்கிட்டேன், உங்களுக்கு அந்தத் திணறல் வேண்டாம்.

முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. ஜூன்ல பேப்பர் வேலையும் குழந்தையும் மோதிக்கும். அப்படி மோதும்போது எப்பவும் தோக்குறது குழந்தைதான், ஏன்னா பேப்பரைக் கேக்க மேல ஆள் இருக்காங்க, குழந்தைக்காகக் கேக்க யாரும் இல்ல. அதனால பேப்பரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஜூனுக்கு முன்னாடியே தள்ளிடுங்க.

1. மே மாசத்துலயே சேர்க்கைப் பேப்பரை முடிங்க

அரசுப் பள்ளிகள்ல சேர்க்கை இப்பல்லாம் மார்ச்லயே ஆரம்பிச்சிடுது. முதல்ல உங்க ஊர் அங்கன்வாடிக்குப் போய் ஒண்ணாப்புக்கு வர வேண்டிய குழந்தைங்க லிஸ்ட்ட வாங்குங்க, அங்க இருக்கிற டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் ஒவ்வொரு குழந்தையும் அத்துப்படி, யாருக்கு ஃபிட்ஸ் வரும், யார் பாட்டி வீட்ல வளருது, எல்லாமே சொல்லுவாங்க. ஜூலை 31 அன்னைக்கு 5 வயசு முடிஞ்சிருக்கணும், அதான் கணக்கு.

வாங்கி வைக்க வேண்டியது:

- பிறப்புச் சான்றிதழ் நகல்
- குழந்தையோட ஆதார், அம்மா அப்பா ஆதார்
- சாதிச் சான்றிதழ் (இருந்தா)
- போட்டோ
- ரெண்டு போன் நம்பர், ஒண்ணு கட்டாயம் பக்கத்து வீடு இல்ல சொந்தக்காரங்களோடது

இதுல ஏதாவது இல்லன்னு சொல்லி குழந்தையைத் திருப்பி அனுப்பாதீங்க. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 14, வயசுச் சான்று இல்லங்கிற காரணத்துக்காக சேர்க்கையை மறுக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது, பிரிவு 15 சேர்க்கைத் தேதி தாண்டி வந்தாலும் சேர்க்கணும்னு சொல்லுது. சேத்துட்டு அப்புறமா பேப்பரை வாங்குங்க.

இங்க மூணு சிக்கல் வரும், மூணுமே அடிக்கடி வர்றதுதான்.

முதல்ல பேர் ஸ்பெல்லிங். பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, வீட்ல கூப்பிடுறது இன்னொண்ணு. இனிஷியல் முன்னாடியா பின்னாடியாங்கிறதுலயும் குழப்பம் இருக்கும். எமிஸ்ல ஏத்துற பேர்தான் பின்னாடி பத்தாம் வகுப்பு வரைக்கும் போகப்போகுது, அபார் ஐடி (நாடு முழுக்க மாணவருக்குக் குடுக்கிற அடையாள எண்) போடும்போதும் ஆதார் பேரோட ஒத்துப்போகலன்னா நின்னுடும். அதனால ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா பாருங்க, வித்தியாசம் இருந்தா எது சரின்னு பெத்தவங்ககிட்ட கேட்டு, தப்பான பேப்பரைத் திருத்தச் சொல்லி அனுப்புங்க.

ரெண்டாவது, பிறப்புச் சான்றிதழ்ல குழந்தை பேரே இருக்காது. ஆஸ்பத்திரியில பேர் வைக்கிறதுக்கு முன்னாடி பதிஞ்சது அப்படியே கிடக்கும். 15 வயசு வரைக்கும் பேரைச் சேக்கலாம், முதல் 12 மாசம் தாண்டிட்டதால 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டணும், பிறப்பைப் பதிஞ்ச ஆபீஸ்லயே எழுதிக் கொடுக்கணும்.

மூணாவது ஆதார் பயோமெட்ரிக். குழந்தை கைக்குழந்தையா இருக்கும்போது எடுத்த நீல கலர் ஆதார்ல கைரேகை இருக்காது, 5 வயசு முடிஞ்சதும் அப்டேட் பண்ணணும். 5லிருந்து 7 வயசுக்குள்ள போனா இலவசம். யாராவது காசு கேட்டா குடுக்காதீங்கன்னு பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நூறு நூத்தம்பதுன்னு குடுத்துட்டு வந்து நிக்கிறவங்க நிறைய பேர், அது ஒரு நாள் கூலியில பெரிய பங்கு. சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல 60 ரூபாய், அது அவசரம் இல்ல, ஆனா ஜூன்ல கூட்டம் அதிகம், மே மாசத்துலயே போட்டுடச் சொல்லுங்க.

2. ரூமைத் தயார் பண்ணுங்க, சொந்தக் காசைக் கொட்டாதீங்க

பாடப் புத்தகம், நோட்டு, பை, செருப்பு, கிரேயான், 4 செட் சீருடை இதெல்லாம் அரசாங்கமே குடுக்குது. முதல் பருவப் புத்தகம் பெரும்பாலும் திறக்குற அன்னைக்கே வந்துடும், சீருடை மட்டும் அளவும் நாளும் முன்னப்பின்ன ஆகும். எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான (சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித் தர்ற அரசுத் திட்டம்) ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல் வந்திருச்சான்னு எச்.எம்.கிட்ட கேளுங்க, வரலன்னா வட்டார வள மையத்துல (உங்க ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவுற கல்வி அலுவலகம்) கேக்கணும்.

புதுசா வந்தவங்க சுவர் பூரா கலர் சார்ட்டா ஒட்டி ரெண்டாயிரம் மூவாயிரம்னு செலவு பண்ணிடுறாங்க. அந்த சார்ட் எல்லாம் பெரியவங்க கண்ணு உயரத்துல இருக்கும், குழந்தை அண்ணாந்து கூட பாக்காது. என் கணக்குல 500 ரூபாய்க்குள்ள முடிச்சிடலாம்: சிலேட்டு இல்லாத குழந்தைக்கு சிலேட்டு, ரெண்டு மூணு கோரைப்பாய், ஸ்கெட்ச், பழைய காலண்டர் அட்டை, ஒரு கட்டு ஐஸ் குச்சி. காலண்டர் அட்டையோட பின்பக்கத்துல பேரை எழுதினாலே போதும். சுவத்துல குழந்தையோட இடுப்பு உயரத்துல இருந்து கறுப்பு பெயின்ட் அடிச்சு வச்சீங்கன்னா அதை விட பெரிய சொத்து ஒண்ணாப்புக்கு இல்ல, பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல கேட்டா பெயின்ட் வாங்கிக் குடுக்க ஊர்லயே யாராவது முன்வருவாங்க.

எண்ணுறதுக்கு புளியங்கொட்டை வைக்காதீங்க. எல்லா கையேட்டுலயும் புளியங்கொட்டைதான் போட்டிருக்கும், ஆனா ஜூன்ல அது மூக்குக்குள்ளயும் காதுக்குள்ளயும்தான் போகும், அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடணும். பெரிய பாட்டில் மூடி, கொட்டாங்குச்சி, ஐஸ் குச்சி வச்சுக்கோங்க. பல்பத்தையும் கவனிங்க, திங்குற குழந்தைங்க இருக்கும், அது சத்துக் குறைவோட அறிகுறியா இருக்கலாம், திட்டாம பெத்தவங்ககிட்ட சொல்லி டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.

கடைசியா பாத்ரூம் போய்ப் பாருங்க. தண்ணி வருதா, மக் இருக்கா, முக்கியமா உள்தாழ்ப்பாள். குழந்தை உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கும், திறக்கத் தெரியாது. அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிடச் சொல்லுங்க, இல்ல துணி சுத்திக் கட்டிடுங்க.

3. முதல் நாள்: அழுகையைப் பாத்து பயப்படாதீங்க

முதல் நாள் பாடம் இல்ல. பேர் அட்டை, பாட்டு, கதை, பள்ளியைச் சுத்திக் காட்டுறது, சாப்பாடு, அவ்வளவுதான்.

அழுற குழந்தையை விட்டுட்டு அம்மா பின்பக்கமா நைசா நழுவுறது எல்லா ஊர்லயும் நடக்கும். அதை விடாதீங்க. குழந்தை திரும்பிப் பாத்து அம்மா இல்லன்னா அன்னைக்கு அழுகை ரெண்டு மடங்கு, மறுநாள் கேட்லயே காலைக் கட்டிக்கும். "மத்தியானம் சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க, அழுதாலும் பரவால்ல. அழும்போது தூக்கி உக்கார வைக்கிறதை விட கையில ஏதாவது வேலை குடுக்கிறது நல்லா வேலை செய்யும், "இந்த மூடியெல்லாம் டப்பாவுல போடணும், யாரு டீச்சருக்கு ஹெல்ப் பண்றது"ன்னு கேட்டா விசும்பிக்கிட்டே வந்து போடும்.

எங்க பக்கம் வீட்ல தெலுங்கும் கன்னடமும் பேசுற குழந்தைங்க நிறைய. தண்ணி, பசி, வலி, பாத்ரூம் இந்த நாலுக்காவது அவங்க வீட்டு வார்த்தையை நீங்க கத்து வச்சிருக்கணும். "தமிழ்ல சொல்லு"ன்னு ஜூன்ல கட்டாயப்படுத்தினா அந்தக் குழந்தை வாயையே மூடிக்கும், அப்புறம் தீபாவளி வரைக்கும் திறக்காது. நீங்க தமிழ்லயே பேசிக்கிட்டு இருங்க, அது எந்த மொழியில பதில் சொன்னாலும் வாங்கிக்கோங்க, தமிழ் தானா வந்துடும்.

யார் கூட்டிட்டுப் போகலாம்னு முதல் நாளே ஒரு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. மாமான்னு சொல்லிட்டு வர்ற எல்லாரோடயும் அனுப்பக் கூடாது. அப்பா அம்மா பிரிஞ்சு இருக்கிற வீடுகள்ல இது ரொம்ப முக்கியம்.

4. முதல் ரெண்டு வாரம்: பேர், பாத்ரூம், சாப்பாடு

இந்த மூணும் செட் ஆகாம அ ஆ ஆரம்பிக்காதீங்க. இதான் இந்தக் கட்டுரையிலயே முக்கியமான இடம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பேர்னா, குழந்தையை முழுப் பேர் சொல்லி நீங்க கூப்பிடணும், அதுவும் தன் பேரைச் சொல்லணும். நிறைய குழந்தைங்களுக்கு வீட்ல பாப்பா, தம்பி, குட்டின்னுதான் பேர், வருகைப் பதிவேட்டுல இருக்கிற பேரைப் படிச்சா யாரையோ கூப்பிடுற மாதிரி உக்காந்திருக்கும். காலையில வந்ததும் தன் பேர் அட்டையைத் தேடி எடுத்து சுவத்துல மாட்டணும்னு ஒரு பழக்கம் வைங்க. எழுத்தே தெரியாத குழந்தை கூட கொஞ்ச நாள்ல தன் அட்டையைக் கண்டுபிடிச்சிடும், அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்களோடதையும் எடுத்துக் குடுக்கும். வாசிப்பு அங்கயே ஆரம்பிச்சிடுச்சு.

பாத்ரூம். குழந்தை கேக்கும்னு காத்திருக்காதீங்க, கேக்காது. பிரேயர் முடிஞ்சதும், காலை இடைவேளையில, சாப்பாட்டுக்கு முன்னாடி, மத்தியானம் தூங்கி எழுந்ததும்னு நீங்களே கூட்டிட்டுப் போங்க. அப்புறமும் உக்காந்த இடத்துலயே போயிடுற பையன் ஒருத்தன் இருப்பான், எல்லாரும் பயம்னு நினைப்பாங்க. கிட்டப் போய்ப் பாத்தா டவுசர் ரெண்டு சைஸ் பெருசு, கொக்கியைத் தாண்டி ஊக்கு குத்தி, அதுக்கு மேல அரைஞாண் கயிறுக்குள்ள சுருட்டி விட்டிருப்பாங்க, அவனால மட்டும் இல்ல, அவசரத்துல நம்மாலயே அவுக்க முடியாது. பெண் குழந்தைங்களுக்கு சுடிதார் நாடா முடிச்சு இதே கதை. முதல் மாசம் சீருடையே வேண்டாம், எலாஸ்டிக் டவுசர், கவுன் போட்டு அனுப்புங்கன்னு சொல்லுங்க, எச்.எம்.கிட்ட முன்னாடியே பேசி ஒப்புதல் வாங்கிக்கோங்க. மாத்துத் துணி ஒரு செட் பையில இருக்கட்டும். நனைச்சிட்டா மத்த குழந்தைங்க முன்னாடி ஒரு வார்த்தை பேசாதீங்க, தூக்கிட்டுப் போய் மாத்திட்டு வந்து கதையைத் தொடருங்க.

சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறதால குழந்தைங்க எட்டு எட்டரைக்கே வந்துடும். கூலி வேலைக்குப் போற வீடுகள்ல, அதுவும் எங்க ஊர்ல ஜூன்ல மாங்கூழ் கம்பெனி சீசன், அம்மா ஆறு மணிக்கே வண்டி ஏறிடுவாங்க, குழந்தை தலை கூட வாராம வெறும் வயித்தோட வரும். முதல் ரெண்டு வாரமாவது அந்த நேரத்துக்கு நீங்களும் போயிடுங்க. எந்தக் குழந்தை சாப்பிடல, எது வேகமா சாப்பிட்டுட்டு ரெண்டாவது தடவை கேக்க வெக்கப்படுதுன்னு அங்க உக்காந்து பாத்தாதான் தெரியும், பத்தரை மணிக்கு நீங்க பிடிவாதம்னு நினைக்கிற பாதி விஷயம் பசிதான். தட்டைப் பிடிக்கிறது, கை கழுவுறது, சிந்தினதை எடுக்கிறது எல்லாத்தையும் பாடம் மாதிரியே செஞ்சு காட்டணும். சத்துணவுல முட்டை சாப்பிடாத வீட்டுக் குழந்தைங்க யார் யாருன்னு சமையல் அக்காகிட்ட ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க.

மத்தியானம் ஒன்றரைக்கு மேல பாதிப் பேர் சாமியாடுவாங்க. தூங்க விடுங்க, அரை மணி நேரம்.

5. எழுத்துக்கு முன்னாடி காதும் கையும்

பெத்தவங்க முதல் வாரத்துலயே "இன்னும் நோட்டுல எதுவும் எழுதலையே"ன்னு கேப்பாங்க, பக்கத்து நர்சரி ஸ்கூல் குழந்தை ஏ பி சி டி எழுதுதுன்னும் சொல்லுவாங்க. அசராதீங்க. அஞ்சு வயசு விரலுக்கு இன்னும் பலம் வந்திருக்காது. களிமண் உருட்டுறது, பேப்பர் கிழிச்சு ஒட்டுறது, மணல்ல விரலால கோடு போடுறது, கோலப்புள்ளி சேக்குறது, இதெல்லாம் எழுத்து வேலைதான். கிரேயானை முழுசா குடுக்காம சின்னத் துண்டா உடைச்சுக் குடுங்க, சின்னத் துண்டை முஷ்டியில பிடிக்க முடியாது, தானா மூணு விரல்ல பிடிப்பு வந்துடும்.

காதுக்கு: "அம்மாவுல முதல்ல என்ன சத்தம் வருது? அணில்ல?"ன்னு விளையாட்டாக் கேளுங்க. கை தட்டி வார்த்தையைப் பிரிங்க. ஒரு சத்தத்தைத் தனியாக் கேக்கத் தெரியாத குழந்தைக்கு எழுத்தைக் காட்டினா அது படமாத்தான் தெரியும்.

6. எழுத்தும் எண்ணும்

கையேட்டுல இருக்கிற வரிசையில போங்க, ஒரு சின்ன விஷயம் மட்டும் மனசுல வைங்க. வாசிக்கிறது வேற, எழுதுறது வேற. அ, இ ரெண்டும் வாய்க்கு சுலபம், கைக்குக் கஷ்டம், வளைவு ஜாஸ்தி. ட, ப, ம மாதிரி எழுத்துங்க நேர்க்கோடு அதிகம்கிறதால கைக்குச் சீக்கிரம் வரும், பட்டம், படம்னு உடனே வார்த்தையும் பண்ணலாம். ஒரே வாரத்துல ன, ண ரெண்டையும் இல்ல எ, ஏ ரெண்டையும் சேத்துக் காட்டாதீங்க, கலந்துடும். திருப்பித் திருப்பி எழுதினா, 6ஐயும் 9ஐயும் மாத்திப் போட்டா, இந்த வயசுல அது சகஜம், சிவப்பு மையால அடிக்காதீங்க.

எண்ணுக்கு, ஒண்ணு ரெண்டுன்னு இருபது வரைக்கும் பாட்டா சொல்ற குழந்தைகிட்ட நாலு மூடி எடுத்துக் குடுன்னு கேளுங்க. கை நிறைய அள்ளிக் குடுக்கும். அதனால பொருளை முதல்ல எண்ணட்டும், ஒரு மூடிக்கு ஒரு எண்ணு, விரல் வச்சுத் தொட்டுத் தொட்டு. 5 வரைக்கும் பொருளால உறுதியான அப்புறம்தான் எண் வடிவம்.

வீட்டுப்பாடம் குடுக்காதீங்க. 2018லயே அப்போதைய மத்திய மனிதவள அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதுன்னு சொல்லிடுச்சு. பெத்தவங்க கேட்டா இதைச் சொல்லுங்க. அடி, கிள்ளு, முட்டி போட வைக்கிறது எதுவும் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தோட பிரிவு 17 தடை பண்ணுது. "நல்லா நாலு போடுங்க டீச்சர்"னு பெத்தவங்களே வந்து சொன்னாலும் கூடாது.

7. 2, 3ஆம் வகுப்பும் உங்ககிட்டதான்னா

ரெண்டு டீச்சர் பள்ளியில இது சாதாரணம். எண்ணும் எழுத்தும் திட்டமே 1 முதல் 3 வரைக்கும் சேத்து உக்கார வைக்கிற மாதிரிதான் இருக்கு, குழந்தை எவ்வளவு கத்திருக்குன்னு பாத்து நிலை பிரிப்பாங்க, ஒண்ணாப்பு குழந்தைங்க அரும்பு நிலை, பெரிய குழந்தைங்க அரும்பு, மொட்டு, மலர்னு பிரிஞ்சு இருக்கும். பாட்டு, கதை எல்லாருக்கும் சேத்து. அப்புறம் மூணாப்புக்கு எழுத்து வேலை குடுத்துட்டு, அந்த 15 நிமிஷம் ஒண்ணாப்போட தரையில உக்காருங்க. ஒண்ணாப்புக்கு ஒரு வேலை 10, 15 நிமிஷத்துக்கு மேல தாங்காது. மூணாப்பு அக்காங்களை கூட உக்கார வைக்கிறது நல்லதுதான், ஆனா தினமும் அதே பிள்ளையை வைக்காதீங்க, அவ படிப்பும் இருக்கு.

ஆப்ல பதிவு போடுற வேலையை வகுப்பு நேரத்துல செய்யாதீங்க. வருகையைக் காலையில போட்டுட்டு போனைப் பையில வச்சிடுங்க, மத்ததெல்லாம் நாலு மணிக்கு மேல.

8. பெத்தவங்களை அவங்க நேரத்துல பாருங்க

காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டா யாரும் வர மாட்டாங்க, வந்தா அன்னைக்குக் கூலி போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தெருவுக்கே போயிடுங்க, ஒரு தெருவுல அஞ்சாறு வீட்டைப் பாத்துடலாம். குழந்தை ராத்திரி எப்பத் தூங்குது, யார் கூட இருக்கு, மாத்திரை ஏதாவது சாப்பிடுதா, இதை மட்டும் கேட்டாப் போதும். குறை சொல்ற வேலையை முதல் தடவை போகும்போது வச்சுக்காதீங்க, குழந்தை செஞ்ச நல்லது ஒண்ணைச் சொல்லிட்டு வாங்க, அதுக்கப்புறம் நீங்க கூப்பிட்டா வருவாங்க.

9. ஜூலை கடைசியில பாக்க வேண்டியது

ஒரு நோட்டுல குழந்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வாரம் ரெண்டு வரி எழுதிட்டு வந்தீங்கன்னா இது சுலபம். ஜூலை முடியும்போது தன் பேர் அட்டையை எடுக்குதா, ரெண்டு வேலையைச் சேத்துச் சொன்னா செய்யுதா, பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்புதா, போர்டைப் பாக்க கண்ணைச் சுருக்குதா, யார்கிட்டயாவது பேசுதான்னு பாருங்க. காது, கண்ணுல சந்தேகம்னா பள்ளிக்கு வர்ற நடமாடும் மருத்துவக் குழுகிட்ட காட்டுங்க, அவங்க வர்ற தேதியை ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுக்கலாம். வளர்ச்சியில தாமதம் மாதிரி தெரிஞ்சா வட்டார வள மையத்துல சிறப்புப் பயிற்றுநர் இருப்பாங்க, எழுதிக் கொடுத்து வரச் சொல்லுங்க. "ஸ்லோ லேனர்"னு நீங்களா பேர் வைக்காதீங்க. ஆகஸ்ட்ல குடற்புழு நீக்க மாத்திரை வரும், அன்னைக்கு யாரும் லீவு போடாம பாத்துக்கோங்க, விட்டுப்போனவங்களுக்கு அடுத்து ஒரு நாள் திரும்பக் குடுப்பாங்க, அந்தத் தேதியையும் நோட்டுல குறிச்சிடுங்க.